பம்பு கம்பெனியிலிருந்து பேசுகிறேன்

இல்லாத கம்பெனிக்கு வரும் போனை எடுத்துப் பேசுவதுதான் என் வேலை. சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். சம்பளம் கொடுத்தார்கள், பேசினேன்.

மூன்றாவது மாடியில் கடைசி அறை. ஜன்னல் உண்டு, திறக்கக் கூடாது. நீள மேசையின் மேல் நான்கு போன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனியின் பெயரைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கும். ஒன்று தண்ணீர் பம்பு விற்கிறது, ஒன்று விதை இறக்குமதி செய்கிறது, ஒன்று மொழிபெயர்ப்பு, ஒன்று கப்பல் சரக்கு. நான்குமே உளவுத்துறை காகிதத்தில் பெற்றுப் போட்ட பிள்ளைகள். வெளிநாட்டில் மாறுவேடத்தில் வேலை பார்க்கும் எங்கள் ஆட்களின் சட்டைப்பையில் இந்தக் கம்பெனிகளின் அட்டை இருக்கும். எவனாவது சந்தேகப்பட்டு அட்டையிலுள்ள எண்ணைக் கூப்பிட்டால் நான் எடுப்பேன். "ஆமாங்க, எங்க விற்பனைப் பிரிவுலதான் இருக்காங்க. இப்போ டூர்ல இருக்காங்க. ஏதாவது சொல்லணுமா?" அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் தப்பு.

வீட்டிலும் நான் பம்பு கம்பெனிக்காரிதான். மோட்டார் மக்கர் பண்ணும்போதெல்லாம் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்ப்பார்.

"ஊருக்கெல்லாம் பம்பு விக்கிற. நம்ம வீட்டு மோட்டாரை யாரையாவது வந்து பார்க்கச் சொல்லக் கூடாதா?"

"எங்களோடது பெரிய பம்புங்க. இந்த மாதிரி சொத்தை மோட்டாரை எங்க ஆளுங்க காலால கூடத் தொடமாட்டாங்க."

வாய் கொஞ்சம் நீளம் எனக்கு. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் போனில் ஒரு தடவைகூட நாக்குப் புரண்டதில்லை என்பதால் விட்டுவைத்திருந்தார்கள்.

ஆட்களின் குடும்பத்தாரும் இதே எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். அவர்களுக்கும் உண்மை தெரியாது அல்லவா? வரும் பேச்சையெல்லாம் ஒரு கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும். குடும்பத்தார் என்றால் மட்டும் ஒரு பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்திவிட வேண்டும். வீட்டுக் கதைகள் பதிவில் கிடந்து நாளைக்கு எவன் கையிலாவது சிக்கினால் ஆளுக்கே ஆபத்து என்று அப்படி ஒரு விதி. அந்தப் பொத்தானை நான் அதிகம் அழுத்தியது ஓர் அம்மாவுக்காக.

பம்பு கம்பெனி அட்டையோடு போன பெண்ணின் அம்மா. அந்தப் பெண்ணை நாங்கள் பம்புப் பெண் என்றுதான் சொல்வோம். புருஷனை இழந்து ஒற்றை மகளை வளர்த்த அம்மா. வாரம் தவறாமல் கூப்பிடுவார். முதலில் "மேடம், என் பொண்ணு எப்ப வருவா?" என்று ஆரம்பித்தது. பிறகு "மேடம், உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று ஆனது. அப்புறம் நான் தங்கச்சி, அவர் அக்கா. என் முழங்கால் வலிக்கு அவர் வைத்தியம் சொல்வார். அவருடைய தம்பி பொண்டாட்டியைப் பற்றிப் புலம்பினால் நான் எண்ணெய் ஊற்றுவேன்.

"தங்கச்சி, அவ இருக்காளே, நாக்குல நரம்பே கிடையாது. கல்யாணமாகாத பொண்ணு ஊர் ஊரா சுத்துறாளாம், அது என்ன வேலைன்னு கேக்குறா."

"பம்பு வேலைன்னு சொல்லுங்கக்கா. வேணும்னா அவ வாயை மூடறதுக்கும் நம்மகிட்ட ஒரு மூடி இருக்குன்னு சொல்லுங்க."

சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே பேசினேன் என்று நினைக்கிறேன். நாள் முழுக்கப் பொய் பேசுகிறவளுக்கு யாரோடாவது பொய் இல்லாமல் நாலு வார்த்தை பேச ஆசை வராதா? ஆனால் அங்கேயும் அடியில் கிடந்தது பொய்தான்.

பிறகு ஒரு சமயம் மகளிடமிருந்து ரொம்ப நாளாக எதுவும் வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் ஆள் ஏதோ முக்கியமான இடத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் அவர் குரல் மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. பின்னால் வண்டிச் சத்தம்.

"தங்கச்சி, நான் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன். பொண்ணைக் காணோம்னு எழுதிக் கொடுக்கப் போறேன். போட்டோ கொண்டாந்திருக்கேன். உங்க கம்பெனி பேரும் எழுதிடறேன், நீங்க கோவிச்சுக்காதீங்க."

காணாமல்போன பெண் என்று போட்டோவும் கம்பெனிப் பெயரும் ஊர் முழுக்கப் போனால் என்ன ஆகும்? அந்த நாட்டுக்காரன் கண்ணில் பட எவ்வளவு நேரம்? இப்படி எதுவும் வந்தால் உடனே ஆமைக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆமை என்பது எங்கள் பிரிவு அதிகாரி. வெளியே இருக்கும் ஆட்களின் கோப்பெல்லாம் அவர் பொறுப்பு. எதையும் நிதானமாகச் செய்வார், பேசினால் காசு போய்விடும் என்பதுபோல் பேசுவார், அதனால் அந்தப் பெயர். அன்றைக்கு ஆமைக்கு விடுமுறை. மகளுக்குக் காய்ச்சல். பக்கத்துப் போனில் அவர் வீட்டுக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இந்தப் பக்கம் அம்மா படியேறிக்கொண்டிருக்கிறார்.

"அக்கா நில்லுங்க. ஏறாதீங்க. அவ நல்லா இருக்கா."

"நீ பாத்தியா? பேசினியா? எல்லாரும் இதையேதான் சொல்றீங்க."

"அக்கா, அவ பம்பு விக்கப் போகல. அரசாங்க வேலையாப் போயிருக்கா. வெளிய சொல்லக் கூடாத வேலை. நீங்க உள்ள போனீங்கன்னா அவ உயிருக்கு ஆபத்து. வீட்டுக்குப் போங்கக்கா, உங்க கால்ல விழறேன்."

"சரி தங்கச்சி," என்றார். வேறொரு குரல் அது. வீட்டுக்குப் போய்விட்டார்.

கசிவை அடைக்கப் போய் நானே குழாயை உடைத்துவிட்டேன். அதைக்கூட மன்னிக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. மன்னிக்க முடியாதது மறுநாள் நடந்தது. ஆமை வந்தார். கதவருகே நின்று, "ஏதாவது விசேஷம் உண்டா மேடம்?" என்று கேட்டார். சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்திருப்பார்கள். என் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். "ஒண்ணுமில்ல சார். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?" என்று கேட்டேன். பெரிய அக்கறை.

சில வாரங்கள் கழித்துப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. பம்பு கம்பெனி என்று ஒன்று கிடையவே கிடையாது, அந்தப் பெயரில் வெளிநாட்டில் உலவும் இந்தப் பெண் உளவு அதிகாரி என்று, பெயரோடு. எழுதியவன் பெயர்பெற்ற நிருபர். அரசாங்கத்தைக் குடைவதுதான் அவனுக்குத் தொழில். பம்புப் பெண் எப்படியோ எல்லை தாண்டித் தப்பிவிட்டாள். அவளுக்கு வீடு கொடுத்து, தகவல் கொடுத்து, கடைசியில் பின்கதவைத் திறந்துவிட்ட அந்த நாட்டுக் கடைக்காரர் தப்பவில்லை. பிடித்துக்கொண்டு போனார்கள். என்ன ஆனார் என்று தெரியவில்லை. மூன்று பிள்ளைகள் என்று ஆமை சொன்னார். அவர் அன்றைக்குச் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

அன்று காலையிலேயே பம்பு போன் அடித்தது. பொத்தானை அழுத்தினேன்.

"பாத்தியா தங்கச்சி? எந்தப் பாவி பண்ணான் இதை? நான் மூச்சு விடலையே. தம்பி பொண்டாட்டிகிட்ட மட்டும் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். என் பொண்ணு எவன்கூடவோ ஓடிட்டான்னு என் வீட்டுக்கே வந்து சொன்னா, பொறுக்க முடியல. 'உன் பொண்ணு மாதிரின்னு நினைச்சியா, என் பொண்ணு நாட்டுக்கு உளவு பாக்குறாடி'ன்னு சொல்லிட்டேன். சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னேன். அவ சொல்லமாட்டா. அவ மருமகன் அதே பேப்பர்லதான் இருக்கான், ஆனா அவன் விளையாட்டுப் பக்கம் எழுதறவன். அவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவருக்குப் புரியவே இல்லை. எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டு, புரியாமல் அழுகிறார்.

"உங்களால இல்லக்கா," என்றேன். "பெரிய இடத்துல யாரோ சொல்லியிருக்காங்க. நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"அதானே. போலீஸ்காரங்க வந்து கேட்டா நான் பம்புன்னுதான் சொல்லுவேன். கொன்னாலும் பம்புதான்."

சொன்னபடியே சொல்லியிருக்கிறார். விசாரணை அதிகாரி எங்களிடம் வந்து அலுத்துக்கொண்டார், அந்த அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது பாவம் என்று.

அந்த அதிகாரி மரியாதைக்காரர். எந்தக் கேள்விக்கு முன்னாலும் "தப்பா நினைக்காதீங்க" என்பார். உளவு அதிகாரியின் அடையாளத்தைத் தெரிந்தே வெளியே சொன்னால் பத்து வருடம் ஜெயில் என்று எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சட்டத்தைப் படித்துக் காட்டினார். நிருபன் யார் சொன்னதென்று வாயைத் திறக்கவில்லை. ஜெயிலில் போட்டாலும் சொல்லமாட்டேன் என்றான். அதனால் எங்கள் பக்கம் தோண்டினார்கள். தோண்டியதும் கிடைத்தது ஆமை.

ஆமையும் அந்த நிருபனும் கல்லூரியில் ஒரே வகுப்பு. செய்தி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் இருவரும் ஒன்றாக டீ குடித்திருக்கிறார்கள். அதே வாரம் ஆமை பம்புப் பெண்ணின் கோப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார். அவளிடமிருந்து தகவல் வரவில்லையே என்ற கவலையில் பார்த்தார். கவலையில் பார்த்தேன் என்று சொன்னால் எந்தப் போலீஸ்காரன் நம்புவான்? அலுவலக வாசலிலேயே வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி வண்டியில் ஏறினார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். நான் மூன்றாவது மாடியிலிருந்து, திறக்கக் கூடாத ஜன்னலின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நல்ல வாய்தான் எனக்கு. வேண்டாத இடத்தில் எல்லாம் பேசும். வேண்டிய இடத்தில் பசை போட்டு ஒட்டிக்கொண்டது.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை எழுந்தேன். சத்தியமாக எழுந்தேன். எழுந்தால் அடுத்த கேள்வி காத்திருக்கிறது. "அம்மாகிட்ட சொன்னீங்க, சரி. அம்மா யார்கிட்ட சொன்னாங்க?" தம்பி பொண்டாட்டி, மருமகன், நிருபன் என்று கயிறு அவிழ்ந்துகொண்டே போகும். அதன் முனையில் அந்த அம்மா நிற்பார். தன் மகளைத் தானே காட்டிக்கொடுத்தோம், தன்னால் ஒரு மனிதர் பிடிபட்டார், மூன்று பிள்ளைகள் அப்பா இல்லாமல் நிற்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரியும் அவருக்கு. அதற்கப்புறம் அவர் சோறு தின்பாரா? உயிரோடுதான் இருப்பாரா?

இப்படியெல்லாம் யோசித்தது அந்த அம்மாவுக்காக மட்டும்தான் என்று சொன்னால் நான் பெரிய பொய்க்காரி. என் தோலையும் நினைத்துத்தான் யோசித்தேன்.

பம்புப் பெண் திரும்பி வந்தாள். இனி எந்த நாட்டுக்கும் போக முடியாது. உலகத்துக்கே முகம் தெரிந்த உளவாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கீழ்த்தளத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஒரு நாள் என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். மெலிந்துபோயிருந்தாள். பம்பு போனின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டிருந்தார்கள். கிழித்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினாள்.

"அம்மா உங்களைத் தங்கச்சின்னு சொல்றாங்க. அப்படின்னா எனக்கு நீங்க சித்தி."

நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் உட்காரவில்லை.

"சித்தி, அம்மாவுக்கு முன்னாடியே எல்லாம் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட பெருமையா சொல்றாங்க, போலீஸ்காரங்களை நல்லா ஏமாத்திட்டேன்டின்னு. நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"மாமி வீட்டு மருமகன் வரைக்கும் எனக்குப் புரிஞ்சுடுச்சு. இது என் தொழில் இல்லையா?"

"அப்போ ஏம்மா நீ இன்னும் சொல்லல? ஆமை உள்ள கிடக்காரே."

அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். ஆதாரம் இல்லன்னு விட்டுடுவாங்கன்னு தினமும் நினைக்கிறேன். அந்தக் கடைக்காரரு சாகறதுக்கு எங்கம்மாதான் காரணம்னு எங்கம்மாகிட்ட எந்த வாயால சொல்லுவேன் சித்தி? நீங்களே சொல்லுங்க."

"செத்துட்டாரா?"

"ம்."

கீழே உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி இருந்தது, தரையில் உட்கார்ந்தேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்து வந்தது ஆமையின் மனைவி. மாற்றுத் துணிப் பையோடு அலுவலக வாசலில் நின்றாள். ஜெயிலில் வாங்கிக்கொள்ளவில்லையாம், இங்கே யாராவது பெரியவர்கள் சொன்னால் வாங்குவார்களா என்று கேட்க வந்திருக்கிறாள். வேலை முடிந்து வெளியே வந்த என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவரா போய் வெளிய சொன்னாரு? வீட்டுல நாலு வார்த்தை சேர்ந்தாப்பல பேசினா நானும் பொண்ணும் அதிசயமாப் பார்ப்போம் அக்கா. நீங்க கூடவே இருந்தவங்க. அவரு அப்படிப்பட்டவரு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குத்தான் நல்லாப் பேச வருமே."

நல்லாப் பேச வருமே. அந்த வார்த்தை கன்னத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவும் சட்டப்படி குற்றம்தான், இருக்கிற குற்றத்தோடு இன்னொன்றும் சேரட்டும். அவர், "அப்ப இத்தனை வருஷமா பம்பே இல்லையா?" என்று கேட்டார். "இல்லைங்க," என்றேன். "அடிப் பாவி, அந்த மோட்டாருக்காக எவ்வளவு பேச்சு வாங்கியிருக்கேன்," என்றவர் சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டார். போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டேனோ என்னவோ.

விசாரணை அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"சார், எங்க அதிகாரியை விட்டுடுங்க. அந்த நிருபன்கிட்ட சொன்னது நான்."

"தப்பா நினைக்காதீங்க, அந்த நிருபரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. செய்தி வருவதற்கு முன்னால் நிருபன் உண்மையிலேயே பம்பு போனுக்குக் கூப்பிட்டிருந்தான். அந்தப் பெண்ணுக்கு அத்தை பையன் என்று சொன்னான். குடும்பத்தார் என்று நம்பிப் பொத்தானை அழுத்திவிட்டேன். டூரில் இருக்கிறார் என்ற வழக்கமான பதிலைத் தவிர வேறெதையும் அவனிடம் சொல்லவில்லை. ஆனால் பதிவுதான் இல்லையே. அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததற்குச் சாட்சி உண்டு, என்ன பேசினேன் என்பதற்குச் சாட்சி இல்லை.

"அன்னைக்குக் கூப்பிட்டான் சார். பேச்சுக் கொடுத்தான். பதிவை நிறுத்திட்டு எல்லாத்தையும் சொன்னேன்."

அவர் காகிதங்களைப் புரட்டினார். அழைப்பு இருந்தது. பதிவு இல்லாத இடைவெளியும் இருந்தது. நிமிர்ந்து என்னையே பார்த்தார்.

"ஏன் சொன்னீங்க?"

"வாய் நீளம் சார். யாரை வேணா கேட்டுப் பாருங்க."

கேட்டார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். பத்து வருடம் ஒரு சொல் சிந்தாமல் பேசினேன், அதை ஒருவரும் சொல்லவில்லை. நிருபன் மட்டும், தன்னிடம் சொன்னது நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். யார் என்று சொல்லமாட்டேன், யார் இல்லை என்றும் சொல்லமாட்டேன் என்றான். அது அவன் கொள்கையாம். ஆமையை விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போன பிறகும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை என்று கேள்வி. அவர் மகள் முகத்தை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது.

நான் தியாகி இல்லை. யாரும் அப்படி நினைத்துவிட வேண்டாம். செய்யாததை ஒத்துக்கொண்டேன் என்றால் செய்ததற்காகத்தான் ஒத்துக்கொண்டேன். நிருபனிடம் சொன்னேன் என்பது பொய். என் வாயிலிருந்து கிளம்பித்தான் அந்தக் கடைக்காரர் வரைக்கும் போனது என்பது பொய்யில்லை.

தீர்ப்பு நாளில் நீதிமன்றத் தாழ்வாரத்தில் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் பெண் போலீஸ். பம்புப் பெண் வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன உருவம். நான் அந்த அம்மாவை உயரமாக, பருமனாக நினைத்திருந்தேன். இவர் என் தோள் அளவுகூட இல்லை. என் எதிரே வந்து நின்றார். மகள், "அம்மா, வேண்டாம், வாங்க போகலாம்," என்று இழுத்தாள். அவர் கையை உதறினார்.

"நீதானா?"

"ஆமாக்கா."

குரலைக் கேட்டதும் அவர் முகம் கோணியது. அதுவரை நம்பாமல்தான் இருந்திருக்கிறார்.

"அக்கான்னு கூப்பிடாத. கூடப்பிறந்தவளா நினைச்சு எல்லாத்தையும் கொட்டினேனேடி உன்கிட்ட. என்கிட்ட சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். என்கிட்ட சொன்னவ ஊருக்கே சொல்லமாட்டாளா? நான் தம்பி பொண்டாட்டியை நினைச்சு எத்தனை நாள் தூங்கல தெரியுமா? அவளாயிருக்குமோ, நானே கெடுத்துட்டேனோன்னு செத்துச் செத்துப் பொழைச்சேன். கடைசியில நீ."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேரில் ஒருவர் உடைந்துவிடுவோம் என்று தெரியும்.

"தப்புதாங்க," என்றேன்.

"தப்பா? ஒரு மனுஷன் செத்துட்டான்டி. மூணு பச்சப் புள்ளைங்க நடுத்தெருவுல நிக்குது. அந்தப் பாவம் யாரைச் சேரும்?"

அவர் கண்களில் மட்டும் ஒரு கேள்வி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"என்னைத்தாங்க சேரும். வேற யாரையும் சேராது."

அவர் நெடுநாள் கழித்து மூச்சு விடுகிறவர்போல் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

"சேரும்டி," என்றார். "உன்னைத்தான் சேரும்."